அசையாமல் நின்ற பிள்ளைகள்

மறுநாள் காலை, முதல் மணி அடிப்பதற்கு முன்னரே, அந்தத் தாய் வகுப்பு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் மகனுடைய வெள்ளைச் சட்டை. சட்டையை வெளியே எடுத்து மேசையில் விரித்தபோது நெஞ்சுப் பையிலிருந்து கீழே நான்கு விரற்கடை நீளத்துக்கு இளஞ்சிவப்பாக ஒரு கறை இறங்கியிருந்தது. "ஒரு சட்டைதான் ரீச்சர் இருக்கு. தேசிக்காய் போட்டுத் தேய்ச்சும் பாத்திட்டன், போகுதில்லை" என்றார். குரலில் கோபம் இல்லை. அரசாங்கம் ஆண்டுக்கு ஒரு முறை தருகிற சீருடைத் துணியில் தைத்த சட்டை அது. அடுத்த துணி வருவதற்கு நாள் இருந்தது. அவர் சட்டையைப் பற்றி மட்டுமே பேசினார். அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போன காற்சட்டையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்ட அந்த விடயம்தான் ஏறக்குறைய 15 ஆண்டுகளாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நான் அப்போது திருகோணமலையில் நிலாவெளி வீதிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தரம் 4க்கு வகுப்பாசிரியை. சிறிய ஆரம்பப் பாடசாலை. காலைப் பிரார்த்தனையில் முன்வரிசையில் நிற்கிற பிள்ளையின் தும்மல் பின்வரிசை வரை கேட்கும். அந்த ஆண்டு ஐப்பசி முடிகிற நேரத்தில், வெளியிலிருந்து வந்த ஒரு குழுவினர் அதிபரைச் சந்தித்து, நவம்பர் மாதத்தில் போர்வீரர் மயானத்தில் ஓர் அஞ்சலி நிகழ்வு நடத்தப்போவதாகவும், அதில் "உள்ளூர்ப் பிள்ளைகள்" கலந்துகொண்டால் சிறப்பாக இருக்கும் என்றும் கேட்டிருந்தார்கள். அதிபர் என்னைக் கூப்பிட்டார். என் வகுப்பில் 31 பிள்ளைகள். ஆளுக்கு ஒரு சிவப்புக் காகிதப்பூ செய்ய வேண்டும், வெள்ளைச் சீருடையில் இரண்டு வரிசையாக நிற்க வேண்டும், எக்காளம் ஊதி முடிந்து இரண்டு நிமிட மௌனம் கழிந்த பின் பூவை வைக்க வேண்டும். அவ்வளவுதான். மூன்று நாள் சுற்றாடல் பாடத்தையும் சித்திரப் பாடத்தையும் விழுங்கிக்கொண்டு கிறேப் காகிதத்தில் பூச்செய்தோம். நடுவில் ஒரு கறுப்புப் பொத்தான். கடையில் கறுப்புப் பொத்தான் தீர்ந்துபோனதால் பாதிப் பூக்களுக்குப் பழுப்பு.

நிகழ்வு 8 மணிக்கு என்றார்கள். பிள்ளைகளை 7 மணிக்கே கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார்கள். முக்கியமான விருந்தினர் வந்துசேர 9 மணி தாண்டிவிட்டது. மாரி காலம். இடையில் இரண்டு தரம் தூறல் விழுந்தது. "வரிசை குலையக் கூடாது" என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். நானும் பிள்ளைகளைப் பார்த்து, "அசையாமல் நில்லுங்கோ" என்றேன். அந்தச் சொல் எனக்குப் புதிதல்ல. தினமும் பிரார்த்தனையில் சொல்வதுதான். ஆனால் தினமும் சொல்லும்போது பிள்ளைகள் அசைவார்கள். அன்று அசையவில்லை. கற்கள் வரிசையாக நிற்கிற இடத்தில், அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றதாலோ என்னவோ, கற்களைப் போலவே நின்றார்கள். மழைத்துளி பட்டுக் காகிதத்தின் சாயம் கரைந்து விரல்களில் இறங்கியது, மணிக்கட்டில் இறங்கியது, சட்டையில் சொட்டியது. ஒருவரும் கையை உதறவில்லை. இரண்டாம் வரிசையில் இடது ஓரத்தில் நின்ற சிறுவன், நின்ற நிலையிலேயே சிறுநீர் கழித்துவிட்டான். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பூவை நெஞ்சோடு பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு நின்றான். புல் ஈரமாக இருந்தபடியால் விருந்தினர் எவருக்கும் தெரிந்திருக்காது. படம் எடுத்தவர்களுக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. நானும் அசையவில்லை.

வெள்ளைக்காரச் சவக்காலை

எங்கள் ஊர்ச் சனம் அந்த இடத்தைப் போர்வீரர் மயானம் என்று சொல்வதில்லை. வெள்ளைக்காரச் சவக்காலை என்றுதான் சொல்லும். நகரிலிருந்து நிலாவெளி வீதியால் ஏறக்குறைய 6 கிலோமீற்றர் போனால் பஸ்ஸிலிருந்தே தெரியும். வெட்டிச் சீராக்கிய புல், ஒரே அளவான நினைவுக்குறிகள், ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி. இரண்டாம் உலகப் போரில் இறந்த 300க்கும் மேற்பட்டோர் அங்கே கிடக்கிறார்கள். ஊரில் எந்தக் கோயில் வளவும் இவ்வளவு துப்புரவாக இல்லையே என்று என் மாமியார் பஸ்ஸில் போகும்போதெல்லாம் சொல்வார். அவருடைய பேச்சில் பாதி வியப்பு, பாதி குறை. பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணைக்குழு என்ற அமைப்பு, 1917இல் தொடங்கப்பட்ட நாளிலிருந்து, அதிகாரிக்கு ஒரு கல், சிப்பாய்க்கு ஒரு கல் என்ற வேறுபாடு இருக்கக்கூடாது என்பதைக் கொள்கையாகக் கொண்டிருக்கிறது. ஆபிரிக்கரும் ஆசியருமான பல்லாயிரம் பேர் விடயத்தில், குறிப்பாக முதலாம் உலகப் போரில் இறந்தவர்கள் விடயத்தில், அந்தக் கொள்கை காற்றில் விடப்பட்டது என்பதை அதே ஆணைக்குழு 2021இல் ஒப்புக்கொண்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

திருகோணமலைக்காரர்களுக்கு 1942 புதிய கதை அல்ல. ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பில் ஜப்பானியரின் குண்டு விழுந்தது. 9ஆம் திகதி வியாழக்கிழமை காலை இங்கே விழுந்தது. தாக்குதல் வரப்போகிறது என்று அறிந்து முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியே அனுப்பப்பட்ட ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், தப்பினோம் என்று திரும்பி வந்துகொண்டிருந்தபோது மட்டக்களப்புக்கு அப்பால் பிடிபட்டு மூழ்கியது. அதனோடு 307 பேர் போனார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கடல்தான் கல்லறை. சீனக்குடாவில் ஒரு ஜப்பானிய விமானம் எண்ணெய்க் குதம் ஒன்றின் மேல் விழுந்து குதம் நாட்கணக்காக எரிந்தது. இன்று அங்கே எஞ்சியிருக்கிற 99 குதங்களைப் பற்றி அரசியல்வாதிகள் பேசும்போதெல்லாம், எரிந்துபோன அந்த ஒன்றைத்தான் நான் நினைத்துக்கொள்வேன். ஏனென்றால் என் அப்பம்மா கண்டது அதைத்தான். கைக்குழந்தையோடும் ஒரு மூடை அரிசியோடும் கும்புறுப்பிட்டிப் பக்கம் நடந்துபோனபோது, திரும்பிப் பார்த்தால் கறுப்புத் தூண் மாதிரி புகை நின்றது என்பார். போரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அந்தப் புகையும், வழியில் சிந்திய அரிசியும். யார் யாரோடு ஏன் சண்டை பிடித்தார்கள் என்பதை அவர் கடைசிவரை கேட்கவில்லை.

இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தும், அந்த 31 பிள்ளைகளுக்கு இதில் ஒன்றையேனும் சொல்லாமல்தான் நான் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தினேன். பூச்செய்ய மூன்று நாள் கிடைத்தது. கதை சொல்ல அரை மணி நேரம் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பது பொய், நான் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று யோசித்தபோதுதான் எனக்கே பிடிக்காத ஒரு விடை வந்தது. அந்நியரின் சாவை நினைவுகூர்வது எங்களுக்குச் சுலபம். அந்தக் கற்களுக்கு முன்னால் நின்றால் யாரும் வந்து ஏன் நிற்கிறாய் என்று கேட்கமாட்டார்கள். நாங்கள் அப்போது வேறொரு போர் முடிந்து மூச்சுவிடத் தொடங்கியிருந்த காலம். என் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளில், சாமிப் படங்களுக்குச் சற்றுத் தள்ளி, மாலை போட்ட படங்கள் இருந்தன. மாலை போடாத படங்களும் இருந்தன. அந்த இரண்டாவது வகைப் படங்களுக்கு மாலை போடலாமா கூடாதா என்று அந்த வீட்டுக்காரருக்கே தெரியாது. போனவர் திரும்பி வரவுமில்லை, இறந்தார் என்று எவரும் வந்து சொல்லவுமில்லை. பெற்றோர் விபரப் படிவத்தில் தந்தை பெயருக்கு எதிரே உயிருடன் உள்ளாரா என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுத் தந்த தாய்மார் இருந்தார்கள். நானும் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே கோப்பில் வைத்தேன். அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய், பெயரும் வயதும் திகதியும் இலக்கமும் பொறித்து 70 ஆண்டுகளாகப் புல் வெட்டிப் பராமரிக்கப்படுகிற சாவுகளுக்கு முன்னால், ஒரு சொல்லும் சொல்லாமல் நிறுத்தியிருக்கிறேன்.

பூவரசம்பூ

அந்தச் சட்டையை நான் வாங்கி வைத்துக்கொண்டு வேறொரு சட்டை தைப்பித்துக் கொடுத்தேன். அதனால் ஒன்றும் தீரவில்லை. அந்த விடுமுறையில், சிவப்புப் பூவின் கதையைத் தேடப்போய் இன்னொரு பூவின் கதையில் போய் நின்றேன். முதலாம் உலகப் போர் 1918 நவம்பர் 11ஆம் திகதி முடிந்ததை நினைவுகூர்ந்து ஆண்டுதோறும், நாங்கள் காகிதத்தில் செய்த அதே சிவப்புப் பூவை, பொப்பிப் பூவை, விற்பது பிரித்தானிய ஆட்சிக்கால இலங்கையிலும் வழக்கமாக இருந்தது. சேர்ந்த பணத்தில் பெரும்பகுதி பிரித்தானியாவின் முன்னாள் போர்வீரருக்கே போனது. அதே போரில் சேவை செய்து திரும்பிய இலங்கையரைக் கவனிப்பார் இல்லை. அதற்கு எதிராக 1930களின் தொடக்கத்தில் கிளம்பியதுதான் சூரியமல் இயக்கம். 1933இல் டொரின் விக்கிரமசிங்க என்ற ஆங்கிலேயப் பெண்மணி, பாடசாலைப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்திப் பொப்பி வாங்க வைப்பதன் அபத்தத்தைப் பத்திரிகையில் எழுதினார், பின்னர் அந்த இயக்கத்தின் தலைவியானார். அவர் பாடசாலை அதிபராகவும் இருந்தவர். எனக்கு உறைத்தது அந்த இடம்தான். நான் 80 ஆண்டுகள் பிந்தி, யாரும் கட்டாயப்படுத்தாமலே, கிறேப் காகிதத்தில் அதையே செய்திருக்கிறேன்.

சூரியமல் என்று சிங்களத்தில் சொல்வது எங்கள் பூவரசம்பூவை. திருகோணமலையில் பூவரசு இல்லாத கடற்கரை வேலியைக் காட்டுங்கள் பார்ப்போம். அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாத பிள்ளையும் இல்லை. காலையில் மஞ்சளாக விரிந்து, அடியில் கருஞ்சிவப்புப் பொட்டோடு நிற்கும். பொழுது சாயச் சாயச் செம்மையேறி வாடும். கவிதை எழுதுகிறவர்கள் கையில் இது கிடைத்தால் விடமாட்டார்கள், நான் இத்தோடு விட்டுவிடுகிறேன். எனக்கு முக்கியமாகப் பட்டது, அதற்குக் காசு வேண்டாம், சாயம் போகாது என்பவைதான்.

தை மாதம் அந்த வகுப்போடு நானும் தரம் 5க்கு ஏறினேன். மறுபடியும் பிள்ளைகளைச் சவக்காலைக்குக் கூட்டிப்போகப்போகிறேன் என்றபோது அதிபர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பெற்றோர் கூட்டத்தில் எதிர்ப்பு வேறு விதமாக வந்தது. புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆவணியில் இருக்கப்போகிற பிள்ளைகளை கொளுத்துகிற வெயிலில் எதற்கு அலைக்கழிக்கிறீர்கள் என்று ஒரு தந்தை எழும்பிக் கேட்டார். நான் இறப்பைப் பற்றியும் நினைவைப் பற்றியும் ஒன்றும் பேசவில்லை. அது கணித வேலை என்றேன். கல்லில் இறந்த ஆண்டும் வயதும் இருக்கும், பிறந்த ஆண்டைக் கழித்துக் காண வேண்டும், நான்கு இலக்கக் கழித்தல். கூட்டம் அமைதியாகிவிட்டது. புலமைப்பரிசில் என்ற சொல்லுக்கு முன் எங்கள் ஊரில் எந்தக் கேள்வியும் நிற்காது. நான் ஏமாற்றியதாக யாரும் நினைக்க வேண்டாம், உண்மையிலேயே கழித்தல் செய்வித்தேன்.

பங்குனியில் ஒரு புதன்கிழமை

விருந்தினர் இல்லை, எக்காளம் இல்லை. காலை 8 மணிக்கு வீதியோரமாக நடந்தே போனோம். பாதி வழி வரை பூவரசம் இலைப் பீப்பிச் சத்தத்தில் காது கிழிந்தது, நான் தடுக்கவில்லை. வாசலுக்கு வந்ததும் யாரும் சொல்லாமலே பிள்ளைகள் செருப்பைக் கழற்றினார்கள். கோயிலுக்குக் கழற்றுகிற பழக்கம். இது கோயில் இல்லை என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அந்தச் சிறுவன் மட்டும் கழற்றவில்லை. "நான் உள்ளுக்க வரேல்ல ரீச்சர்" என்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவன் சொல்ல வேண்டியிருக்கும், மற்றப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனே, "நான் செருப்பைப் பாக்கிறன்" என்றான். துணைக்கு வந்த ஆசிரியையை வாசலருகில் நிற்கச் சொல்லிவிட்டு, 30 பிள்ளைகளோடு உள்ளே போனேன்.

ஆளுக்கு ஒரு கல். விரும்பியதைத் தெரிவு செய்யலாம். கல்லின் முன்னால் இருந்து, பெயரை எழுத்துக் கூட்டிக் கொப்பியில் எழுத வேண்டும், பிறகு எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். அந்தப் பெயர்கள் எங்கள் பிள்ளைகளின் வாயில் பட்டபாடு கொஞ்சமல்ல. ஆங்கிலத்தில் சத்தமில்லாத எழுத்துக்கள் எல்லாவற்றுக்கும் அவர்கள் சத்தம் கொடுத்தார்கள். பெற்ற தாய்க்கு அடையாளம் தெரியாத அளவுக்குப் பெயர் மாறிப்போயிருக்கும். ஆனாலும், வாய்விட்டுச் சொன்னார்கள். நவம்பரில் அங்கே ஒரு பெயரையும் யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "எல்லோரையும்" நினைவுகூர்ந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

கழித்தல் தொடங்கியது. 1942இலிருந்து 19ஐக் கழித்தால் 1923. எல்லோரும் அந்த ஒரே நாளில் இறந்தவர்கள் அல்லர், போர் முடியும்வரை வெவ்வேறு ஆண்டுகளில் வந்து சேர்ந்தவர்கள். 20, 22, 21 என்று விடைகளைவிட வயதுகள்தான் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டன. "எங்கட அண்ணாவிலும் சின்னன்" என்றாள் ஒருத்தி. சிறிது நேரம் கழித்து அவளே கொப்பியை மூடிவிட்டு, "இவைக்கு ஆர் ரீச்சர் திவசம் செய்யினம்?" என்று கேட்டாள். திருகோணமலைப் பிள்ளைக்கு அது இயல்பான கேள்வி. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள், இராவணன் தன் தாயின் இறுதிக் கடனைச் செய்வதற்காக உண்டாக்கியவை என்ற கதையோடு வளர்கிற பிள்ளைகள் அவர்கள். அந்தியேட்டிக்கு அங்கே போய் வந்த வீடுகள். தாய்க்கு மகன் கடன் செய்த ஊர் இது. இங்கே கிடப்பவர்களுக்கோ, தாய் வந்து ஒரு தரம் பார்க்கவும் பெரும்பாலும் வழி இருந்திருக்காது. இறந்த இடத்திலேயே அடக்கம் செய்வதுதான் அன்றைய விதி, ஊருக்குக் கொண்டுபோவதில்லை. நான் விடை தேடிக்கொண்டிருந்தபோது இன்னொரு பிள்ளை, புல் வெட்டிக்கொண்டிருந்த தோட்டக்கார ஐயாவைக் கையால் காட்டி, "அவர்தான் செய்யிறார்" என்றது. ஐயா எங்களைப் பார்த்து, பூவை வைக்கிறதென்றால் வையுங்கோ, நாளைக்குக் கூட்டி அள்ளுகிறது நான்தான் என்றார். திவசம் செய்கிறவருக்கு அந்த உரிமை உண்டு. ஆளுக்கு ஒரு பூவுக்கு மேல் வைக்கவில்லை.

பெயரில்லாத ஒருவரின் கல் இருந்தால் என்ன செய்வது என்று ஒரு பையன் கேட்டான். இப்படியான மயானங்களில் ஆள் அடையாளம் தெரியாதவர்களின் கல்லில், கடவுளுக்குத் தெரிந்தவர் என்று பொறிப்பது வழக்கம் என்று சொன்னேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்ப கடவுளுக்குத் தெரியும், எங்களுக்குச் சொல்லேல்ல" என்றான். சுற்றிநின்ற நான்கைந்து பிள்ளைகள் ஒன்றும் பேசவில்லை. அவர்களில் இருவரின் படிவங்களில் நான் வெறுமையாக விட்ட கட்டங்கள் எனக்கு நன்றாக நினைவிருந்தன. அந்த இடத்தில் நான் ஏதாவது பேசியிருக்கலாம் என்று பின்னர் சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். எதைப் பேசுவது? அவர்களுடைய வீட்டுப் படங்களுக்கு எப்போது மாலை போடுவது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, அதைச் சொல்ல உரிமையுள்ளவர்களும் சொல்லவில்லை. நான் செய்தது, அந்தப் பையனுக்குக் கழிக்க வேறொரு கல்லைக் காட்டிக்கொடுத்ததுதான். அது சரியா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. ஆனால் அவர்கள் அன்று குந்தியிருந்தார்கள், எழும்பினார்கள், கற்களுக்கிடையில் ஓடினார்கள், ஒருத்தி கல்லில் சாய்ந்தபடி பென்சில் கூராக்கினாள். இரண்டு பேர் சிறுநீர் கழிக்க வேண்டும் என்றார்கள், துணை ஆசிரியை கூட்டிப்போய்க் கூட்டிவந்தார்.

10 மணிக்கு வெயில் ஏறிவிட்டது. வாசலுக்குத் திரும்பினோம். செருப்புகள் நாங்கள் கழற்றி எறிந்துவிட்டுப் போன மாதிரிக் கிடக்கவில்லை. மதிலோரமாக, பெரியது சிறியது என்று பார்க்காமல், ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில், சோடி சோடியாக நிரையில் வைக்கப்பட்டிருந்தன. வார் அறுந்து ஊசி குத்திய ஒன்றும் அதன் சோடிக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவன் நிரையின் கடைசியில் குந்தியிருந்தான். என்னைக் கண்டதும் எழும்பி, விரலால் சுட்டி இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தான்.

"முப்பது சோடி ரீச்சர்" என்றான். "ஒண்டும் குறையேல்ல."